கடைக்கால் தோண்டிய வாரம்

ஆவணி 4, செவ்வாய்

காலையில் வெயில், பிறகு மூட்டம். மழை இல்லை. ரேஷன் கார்டுக்கு மண்ணெண்ணெய் அரைப் புட்டிதான்.

சமையலறைக் கதவு மறுபடி தரையில் உரசுகிறது. கை தவறி விழுந்த எலுமிச்சம்பழம் தானாகக் கிழக்கு மூலைக்கு உருண்டு போய் நின்றது. வீடு சாய்கிறதா, எனக்குத்தான் தலை சுற்றுகிறதா? நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஊரெல்லாம் சொல்லி, மூன்றாம் மாதம் கலைந்துபோனது.

காலையில் படுத்தபடி கிழக்குச் சுவர் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே விரல் நுழையும், கீழே முடி அளவு. அதன் வழியாக வெயில் கோடாக வந்து பாயின் மேல் மெல்ல நகர்ந்தது. அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இவரிடம் காட்டினேன். பொங்கல் வரை தாங்குமாம். 'பூஜைக் கடை'யில் ஊற்றிக்கொண்டு வந்ததும் எல்லாமே தாங்கும் இவருக்கு.

ஆவணி 5, புதன்

கொத்தனார் வந்தார். விரிசலின் குறுக்கே போன வாரம் அவர் பூசிய சுண்ணாம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. சுவர் இன்னும் இறங்குகிறதாம்.

"குளிக்கிற தண்ணி செவுத்தடிக்கே போயிகினு இருக்குதுங்க. மண்ணு எளகிப்போச்சு. ஐப்பசி மழைக்கு நிக்காது."

கடைக்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, அடியில் கல் கட்ட வேண்டும். தண்ணீரைப் பின்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு வழக்கப்படி, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி உண்டா என்று கேட்டார். இருந்தால் பிரசவம் வரை மண்ணில் கடப்பாறை போடக் கூடாது. அத்தை, "இல்லை" என்றார். நான் கழுவிய அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

சொன்னால் வேலை நின்றுவிடும். நாங்கள் படுப்பது அந்தச் சுவரடியில், வேறு அறை கிடையாது. சொல்லாமல் தோண்டவிட்டு, இதுவும் போய்விட்டால்? எனக்கும் அந்தப் பயம் உண்டு.

ஆவணி 8, சனி

வாங்க: சுண்ணாம்பு, கருங்கல் ஒரு வண்டி, முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கழி. புளி (எனக்கு).

விடியற்காலைக் கனவு. வீடு எங்களோடு மலைச்சரிவில் மெதுவாக இறங்கிப் போகிறது. யாருக்கும் பயமில்லை. என் மடியில் முகம் தெரியாத ஒன்று, கதகதவென்று. எழவே மனமில்லை.

ஆவணி 10, திங்கள்

கடப்பாறை விழுந்தது. ஒவ்வொரு அடியும் அடிவயிற்றில் கேட்டது. பத்து மணி வாக்கில் தாங்காமல் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் அத்தை. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். வேலையை நிறுத்தப் போகிறார் என்று நின்றேன்.

உள்ளே திரும்பி, "நீ போட்டுகினு இரு நைனா, நிறுத்தாத" என்றார்.

என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மெதுவாக:

"உன் புருஷன் என் வயித்துல இருக்கசொல்லத்தான் இந்தச் செவுத்துக்கே கடக்கால் தோண்டினாங்க. நானும் வாயத் தொறக்கல. போய்ப் படு."

பக்கத்து வீட்டில் பாய் போட்டுப் படுத்தேன். அங்கே தோண்டிக்கொண்டேயிருந்தார்கள். நன்றாகத் தூங்கினேன்.