என் துப்பாக்கிக்குள் இருந்த உன் நம்பர்

மாப்ள,

தேர்தல் வந்துவிட்டது. லைசன்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் இருந்து போன் வந்ததும், என் பழைய ரைஃபிளை எடுத்துவைத்துத் துடைக்க உட்கார்ந்தேன். எண்ணெய் வாடை வீடு முழுக்கப் பரவியது. "ஆரம்பிச்சாச்சா?" என்று உன் தங்கச்சி அடுக்களையில் இருந்து சத்தம் போட்டாள். அந்த வாடை வந்தும் எதிரே நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. பேப்பரில் வரும் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது இப்போது. அந்தக் கண்ணோடு போல்ட்டைக் கழற்றித் துடைத்தேன். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்புத் துண்டின் அடியில் வரிசையாக எண்கள். கடைசி இரண்டும் சேர்ந்து அறுபத்தேழு. துப்பாக்கியின் உடம்பிலோ நாற்பத்தொன்று. அறுபத்தேழு உன்னுடையது. உன் கல்யாண நாளை மறந்தாலும் மறக்காமல் நீ ஒப்பித்துக்கொண்டிருந்த நம்பர்.

பட்டாளத்தில் கழித்துவிட்டு, குழாயை மாற்றி வெளியாட்களுக்கு விற்ற அந்த ரைஃபிள்களில் ஒன்றை நான் வாங்கியபோது உனக்கு வயிறு எரிந்தது. கீழக்குயில்குடித் தோட்டத்தில் பன்றித் தொல்லை என்று எழுதிக்கொடுத்து லைசன்ஸ் வாங்கி, அதே மாதிரி இன்னொன்றைத் தேடி அலைந்தாய். பாய் கடையில்தான் கிடைத்தது. மதுரையில் நமக்குத் தெரிந்த துப்பாக்கிக் கடை அது ஒன்றுதானே. பாய் உன் கையில் கொடுத்ததும் முதலில் லென்ஸை எடுத்து உடம்பிலும் போல்ட்டிலும் நம்பரைப் பார்த்தாய். "ரெண்டும் ஒண்ணு மாப்ள! பொறந்ததுலேர்ந்து பிரியாத ஜோடி" என்று குதித்தாய். "நம்பரையா சுடப்போறே? போய்யா" என்றேன் நான். சத்தியமாக, என் துப்பாக்கியின் நம்பரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு உன் ரைஃபிளையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாய். பிள்ளைகள் ஓடிவிளையாடுகிற இடம், போல்ட்டைக் கழற்றாமல் சாமி முன்னால் வைக்கக்கூடாது என்று உன் தங்கச்சி கறாராகச் சொல்லிவிட்டாள். இரண்டையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தோம். அவள் சும்மா இருப்பாளா? வண்டிச் சாவியில் ஆரம்பித்து அரிவாள்மனை வரைக்கும் சந்தனத்தை அப்பியவள், போல்ட் இரண்டையும் விடவில்லை. பொங்கலும் சுண்டலும் தின்றுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஆளுக்கொன்றாக மாட்டினோம். சந்தனத்துக்கு அடியில் எந்த நம்பர் இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

மறுவாரம் சந்தனத்தை எடுத்து எண்ணெய் போட்டுத் தரச்சொல்லிப் பாயிடம் கொடுத்தாய். திரும்பி வந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தவனுக்குத் தலை சுற்றிவிட்டது. "சர்வீசுக்குக் குடுத்த எடத்துல மாத்திப்புட்டான் மாப்ள. எம்புட்டு நம்பினேன் அவனை!" என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினாய். நீ முட்டாள் இல்லை. கோபத்திலும் ஒரு வார்த்தை கேட்டாய். "உன்னோடதையும் ஒரு தடவை பாத்துரு. அன்னைக்குப் பூஜையில மாறிருக்கப் போகுது."

"பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு" என்றேன்.

நான் பார்க்கவில்லை மாப்ள. பீரோவைத் திறந்து, உறையை அவிழ்த்து, கண்ணாடியைத் தேடி... சோம்பல். வேறு ஒரு காரணமும் இல்லை. ஒரு நிமிஷ வேலைக்கு வலித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். நீ நேராகப் பாய் கடைக்குப் போய், வந்திருந்த ஆட்கள் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தாய். பின்னால் நானும் நின்றேன், நியாயம் கேட்க வந்தவன் மாதிரி. "அல்லா மேல ஆணையா நான் மாத்தலண்ணே" என்று அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாம் இருவரும் அந்தக் கடைப் படி ஏறவில்லை.

இந்தத் தடவை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்தாலும் செல்லும் என்பதால் பாயிடம் கொண்டுபோனேன். நீ போன பிறகு உன் ரைஃபிளை உன் மகள் அங்கேதான் கொடுத்துவைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு அது வேண்டாமாம், அரசாங்கத்திடம் ஒப்படைக்க எழுதிக்கொடுத்துவிட்டாள். அது போய்ச் சேர்ந்துவிட்டால் பாய் மேல் விழுந்த பழியைக் கழுவ ஒரு சாட்சியும் இருக்காது.

பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வாங்கண்ணே" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. நான் உட்காரவில்லை. சந்தனம், தாம்பாளம், பார்க்காமலே சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உள்ளே போய் உன் ரைஃபிளை எடுத்துவந்தார். என் ரைஃபிளில் இருந்த போல்ட்டைக் கழற்றி உன்னுடையதற்குள் விட்டார், உன்னுடையதில் இருந்ததை என்னுடையதற்குப் போட்டார். லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே வாசிங்க" என்றார். வாசித்தேன். இரண்டு ஜோடியும் சேர்ந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுருங்க பாய்" என்றேன்.

அவர் மேஜையைத் துடைத்தார். "ஆஸ்பத்திரியில கெடக்கும்போது, துப்பாக்கியை என் கடையிலதான் குடுக்கணும்னு அவரு மக கிட்டச் சொன்னாராம். அந்தப் பிள்ளை வந்து சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி, மனுசன் போறதுக்கு முன்னாடி என்னை மன்னிச்சுட்டாருன்னு நெனச்சு, அன்னைக்குத்தாண்ணே நிம்மதியாத் தூங்குனேன்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கெடைச்சதுன்னு சந்தோசப்பட்டிருக்கேன் பாருங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏமாந்துபோனோம் என்ற நினைப்போடு போய்விட்டாயே மாப்ள. உன்னை யாரும் ஏமாற்றவில்லை. திருடன் என்று நீ நம்பியவரிடமே கடைசியில் ஒப்படைக்கச் சொல்ல உனக்கு மனசு இருந்தது. பீரோவைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் இல்லாமல் போய்விட்டது. உன் மகளிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கடையில் நின்று கேட்டவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். சொல்ல முடியாமல் பாக்கி நிற்கிறவன் நீ ஒருத்தன்தான்.