வேட்டன் தொப்பிக்கு எரியும் தீ

மலை நிலைக்க. மலையில் நடப்போர் பொழுதோடு வீடு சேர்க.

முகில் இறங்கித் தங்கும் கார்வரை நாட்டின் அரசி, சுனைகளுக்கும் சிகரங்களுக்கும் உரியவர், வெண்கொற்றியாரின் ஆணைப்படி அவர்தம் தலைமை அமைச்சர் இளநாகி, ஆறு வளைந்தோடும் செந்துறை நாட்டின் கோமான், படகுகளின் தலைவர், நெடுவேள் ஆதிரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் துறைகள் நிறைக. தங்கள் இல்லத்துப் பிள்ளைகள் இருமலின்றி இக்குளிர்காலத்தைக் கடக்க.

தங்கள் தூதர் கொணர்ந்த ஓலையை அவை நடுவே படித்தோம். எங்கள் மலைவாயிலில் மாலைதோறும் தீ மூட்டப்படுவதையும் விடியும்வரை கொம்பு ஊதப்படுவதையும் தங்கள் கரையில் உள்ளோர் கண்டும் கேட்டும் கலங்கினர் என்றும், இது படை திரட்டும் குறியே எனத் தங்கள் தளபதியர் துணிந்தனர் என்றும், வரும் நிறைநிலவுக்குள் தீ அணையாவிடில் தங்கள் படகுகள் ஆற்றைக் கடக்கும் என்றும் அதில் கண்டோம். கோமானே, அந்தத் தீ படைக்காக எரியவில்லை. ஒரு கம்பளித் தொப்பிக்காக எரிகிறது. நகையாடுவதாகக் கொள்ளற்க, முழுவதும் கேட்டருள்க.

எங்கள் கோட்டை மலைமேல். அதில் உழைப்போரின் வீடுகள் மலைக்குக் கீழே. நாள்தோறும் காலையில் ஏறி மாலையில் இறங்குவதே அவர்கள் வாழ்வு. வழியில் காற்று காதை அறுக்கும்; ஆதலால் தலையில் தொப்பி இன்றி எவரும் அவ்வழி நடப்பதில்லை. ஆட்டு மயிரை நூற்று, முரட்டுத் துணியாய் நெய்து, கண்ணில் தூறல் விழாதபடி நெற்றிக்கு மேல் சிறு விளிம்பு வைத்துத் தைத்த தொப்பி அது. தொலைவில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். கையில் எடுத்துப் பார்த்தால் பாசியின் பசுமையும் காய்ந்த புல்லின் செம்மையும் இழைக்குள் இழையாய்க் கிடக்கும். மேலே வந்தவர்கள் வாயில் மண்டபத்துச் சுவரில் தத்தம் முளையில் அதை மாட்டிவிட்டு வேலைக்குச் செல்வர். திரும்புகையில் எடுத்து அணிவர். மாட்டிய கையே எடுக்க வேண்டும் என்பது எங்கள் நெறி. மாலையில் சுவர் வெறுமையானால் எல்லோரும் இறங்கிவிட்டனர் என்று பொருள். காவலர் தீயை அணைப்பார். ஒரு தொப்பி எஞ்சினும் அதற்குரியவன் வரும்வரை தீ எரியும், கொம்பு ஒலிக்கும். மூடுபனியில் வழி தெரியாதவனுக்கு அவ்விரண்டுமே வழி.

இவ்வழியில் நடப்போருள் ஒருவன் அழிசி. அரசியின் முத்திரைக்கு அரக்கு உருக்குபவன். அடுப்பருகே வேலை என்பதால் பிறரைவிடக் குளிருக்கு அஞ்சுபவன். முன்பனியில் ஒரு காலை, ஓடைத் திருப்பத்தில் காற்று அவன் தொப்பியைப் பறித்துப் பள்ளத்தில் எறிந்தது. வெறுந்தலையோடு வந்து சேர்ந்தவனைப் பார்த்து உடன் ஏறியோர் சிரித்தனர். அரக்குக்காரனின் மண்டை இனி முத்திரை குத்தப் பதமாய் இறுகிவிடும் என்றான் ஒருவன். அழிசியும் சிரித்தான்.

மாலையில் சிரிப்பு வரவில்லை. உறைபனி கொட்டியது. சுவரில் ஒரே ஒரு தொப்பி இருந்தது. அது கூரை வேயும் வேட்டனுடையது. கூரை வேலை முடியாத நாள்களில் வேட்டன் கோட்டையிலேயே படுத்துக்கொள்வதை அழிசி அறிவான். காலையில் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று எண்ணி, காவலர் துடியனார் கொம்பைத் துடைக்கத் திரும்பிய வேளையில், அதை எடுத்து அணிந்துகொண்டு இறங்கினான். தொப்பி அவனுக்குச் சற்றுப் பெரிது. புருவம் வரை இறங்கியது. மரச்சீவலும் பிசினும் மணத்தது. வழிநெடுகிலும் தன் பின்னால் யாரோ நடப்பதாகவும், தான் நின்றால் அவரும் நிற்பதாகவும் அவனுக்குத் தோன்றியது. யாரது என்று இருமுறை கேட்டான். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு விரைந்து இறங்கினான்.

துடியனார் சுவரைப் பார்த்தார், வெறுமையாய் இருந்தது. தீயை அணைத்தார்.

அன்று வேட்டன் கோட்டையில் தங்கவில்லை. பொழுது சாய்ந்து வெகுநேரம் சென்று இறங்கி வந்தவனுக்குத் தொப்பியும் இல்லை, தீயும் இல்லை. மறுநாள் அவன் மனைவி மாசாத்தி மேலேறி வந்து கேட்டபோதுதான் அவன் வீடு சேரவில்லை என்பது தெரிந்தது. ஓடைத் திருப்பம் வரை அடிச்சுவடுகள் சென்றன. அதற்கப்பால் பனி மூடிவிட்டது. தேடினோம், கிடைக்கவில்லை.

அழிசி தொப்பியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாசாத்தியின் முன் நின்றான். அவள் அழவில்லை. அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறோம்: "அத என்கிட்ட நீட்டாதேண்ணே. அது இன்னும் வேல முடிஞ்சு எறங்காத ஆளோடது. எடுத்த எடத்துல மாட்டு."

மாட்டினான். அன்று மூட்டிய தீயே தங்கள் கரையோர் காண்பது.

அதன்பின் காலைதோறும் தன் புதுத் தொப்பியை அழிசி மாட்டுகையில், பக்கத்து முளையில் வேட்டனின் தொப்பி நனைந்து தொங்கும். மண்டபத்துக்குக் கூரை உண்டு. எனினும் விளிம்பில் புதுப்பனி ஒட்டியிருக்கும். ஒருநாள் அவன் உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். அப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாய் இருந்தது. இன்று எம்மிடம் சொல்லும்வரை அவன் எவரிடமும் கூறவில்லை. அரக்கை ஓலையில் ஊற்றும்போது மட்டும் அவன் கண் வாயில் பக்கமே திரும்பும். இக்குளிர்கால ஓலைகளில் முத்திரை சற்றுக் கோணியிருப்பதைத் தாங்களும் கண்டிருக்கலாம்.

இந்நிலையில் தங்கள் ஓலை வந்தது. ஒரு தொப்பிக்காக ஊரைப் போருக்குக் கொடுப்பதா என்று அவையோர் கொதித்தனர். தொப்பியைக் கழற்றுமாறு துடியனாருக்கு ஆணையிட்டோம். கொம்பு ஊதிச் சாகச் சொன்னால் சாவேன், அடுத்தவன் தொப்பியில் கை வைக்கமாட்டேன் என்று அவர் மறுத்தார். அப்போது அவையில் ஒருவர், நெறியை முன்பே முறித்த கை ஒன்று இருக்கிறதே, அதுவே மறுபடியும் எடுக்கட்டும், நாடு பிழைக்கும் என்றார். எல்லோரும் அழிசியைப் பார்த்தனர். அவன் தலையசைத்தான். 

நேற்று மாலை, உழைப்போர் அனைவரும் இறங்கிய பின், யாமும் அவையோரும் அவனைப் பின்தொடர்ந்து மண்டபத்துக்குச் சென்றோம். மாசாத்தி வாயிலுக்கு வெளியே நின்றாள். அழிசி கையை உயர்த்தினான். உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது. வேட்டனின் முளையில் ஒன்றும் இல்லை. முளையிலிருந்து நீர் சொட்டியது; ஈரம் தரைவழியே வாயிற்படி தாண்டிச் சென்றிருந்தது.

யார் எடுத்தார் என்று துடியனாரைக் கேட்டோம். படியை விட்டுத் தாம் அசையவில்லை என்றும், எல்லோரும் போனபின் தம்மருகே குளிர்ந்த காற்று ஒன்று கடந்தது என்றும், இறங்குவோர் எல்லோரிடமும் சொல்வதுபோல் 'பாத்துப் போப்பா' என்று தம் வாய் தானே சொல்லிவிட்டது என்றும், சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆளில்லை என்றும் அவர் கூறினார்.

அவையோர் பெருமூச்சு விட்டனர். உரிய கையே எடுத்துவிட்டது, சுவர் வெறுமை, நெறிப்படியே தீயை அணைக்கலாம் என்றனர். யாமும், கோமானே, தங்கள் படகுகளை எண்ணி அதற்கு வாய் திறந்தோம். அழிசி குறுக்கே வந்தான்.

"அன்னைக்கும் செவுரு காலியாத்தான் இருந்துச்சு. ஆளு வழியில இருந்தான்."

இவ்வளவே சொன்னான். தன் தொப்பியைக் கழற்றி வேட்டனின் முளையில் மாட்டினான். தீயிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு வெறுந்தலையோடு பனியில் இறங்கினான். அவன் பின்னே மாசாத்தி சென்றாள். இருவரும் திருப்பத்தில் மறையும்வரை, அவர்களுக்கு முன்னால் யாருக்கோ வழிகாட்டுவதுபோல் அவன் கொள்ளியை நீட்டிப் பிடித்தே நடந்தான். துடியனார் எம்மைக் கேளாமலே கொம்பை எடுத்தார்.

ஆதலால் தங்கள் கோரிக்கைக்கு இணங்க இயலாமைக்கு வருந்துகிறோம். தீ எரியும். தங்கள் படகுகள் வருமாயின், வாயிலில் கொம்பு ஊதும் ஒரு முதியவரையும் சுவரில் ஒரு தொப்பியையுமே காணும். படை ஏதும் காணாது. எங்கள் அரசி தங்களிடம் வேண்டுவது ஒன்று. அந்த ஓடை மலையிறங்கித் தங்கள் ஆற்றில்தான் கலக்கிறது. வழி தப்பியவன் தங்கள் பக்கம் இறங்கியிருக்கவும் கூடும். தங்கள் கரையிலும் ஒரு விளக்கை ஏற்றி வைத்தருள்க. சற்றுப் பெரிய சாம்பல் நிறத் தொப்பியோடு எவரேனும் கடந்தால், பெயர் கேளாது, மலை எந்தப் பக்கம் என்று கை காட்டி விடுக.

விடியலில் மாசாத்தியோடு வெறுங்கையாய்த் திரும்பிய அழிசியே இவ்வோலையைக் கொணர்பவன். வெறுந்தலையோடு வருவான், அவன் தொப்பி எங்கே என்று தங்கள் காவலர் வினவற்க. முத்திரைக்கு அரக்கு உருக்கியவனும் அவனே. இம்முறை அது கோணவில்லை என்பதைக் கண்டருள்க.

கார்வரை வாயிலில், தீ எரிய, எழுதி முத்திரையிட்டது. அரசியின் ஆணை: வேட்டன் வீடு சேர்ந்தான் என்று மாசாத்தி வந்து சொல்லும்வரை இத்தீயை அணைக்க எவருக்கும் உரிமை இல்லை, எமக்கும் இல்லை.

மலை நிலைக்க.