பாப்பாவின் கன்னம்

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். டாக்டர் சொன்னதை நான் ஃபோனில் சொன்னதிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டயப்பர் புண்ணுக்கு நீ கொடுத்த ட்யூப் க்ரீமைத் தடவியதும் புண் மளமளவென்று ஆறியது. நிறுத்தினால் திரும்பி வந்தது. மறுபடி மறுபடி தடவியவள் நான். கன்னம் உப்பியபோது, "பூசணிக்கா மாதிரி ஆயிட்டாளே என் தங்கம்!" என்று கொஞ்சினாய். எனக்கும் பெருமைதான்.

"இது சதை இல்லம்மா, வீக்கம். மூணு மருந்து கலந்த க்ரீம் இது, அதுல ஸ்டீராய்டும் இருக்கு. டயப்பருக்குள்ள போட்டா உடம்புல இறங்கி முகத்தை உப்ப வச்சிடும்," என்றார் டாக்டர். சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம். அவர் சொல்கிறபடிதான் குறைக்கிறோம். புண் இருந்த இடத்தில் தோல் மெலிந்து உள்ளே நரம்பு தெரிகிறது. துடைக்காமல், நனைத்த பஞ்சால் ஒற்றித்தான் எடுக்கிறேன்.

"யார் சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டார். நானே கடையில் வாங்கியதாகச் சொல்லிவிட்டேன்.

உன்மேல் கோபமே இல்லை என்று எழுத வரவில்லை, அக்கா. ஆனால் உன்னை விட்டால் யாரிடம் போய் அழுவேன்?

பெரியம்மா எங்கே என்று கேட்கிற வயது பாப்பாவுக்கு இல்லை. நான்தான் கேட்கிறேன்.

உன் தங்கை