ஏசி அறையிலிருந்து வெளியே வந்த மத்தியானம்

மச்சான்,

நேற்று கொழும்புக் காலி வீதியில் என் மானம் போயிற்று. மகளோடு துணிக்கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஏசிக் குளிர். வெளியே கால் வைத்ததும் கடற்புழுக்கத்தில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. கண் தெரியாமல், பக்கத்திலிருந்த கையைப் பிடித்து, "வா பிள்ளை, வெக்கையிலை நிக்காதை" என்று இழுத்தேன். "அங்கிள், நான் பஸ்ஸுக்கு நிக்கிறன்" என்றது ஓர் ஆண்குரல். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடியைத் துடைக்கத்தான் கை எழும்பவில்லை.

யுத்த காலத்தில் வெள்ளவத்தை மாடிவீடுகளில் நாங்கள் யன்னலைப் பூட்டியதில்லை. காற்றுக்கு என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் கீழே என்ன வாகனம் வந்து நிற்கிறது என்று கேட்பதற்காக. கதவு அடிக்கிற சத்தத்திலேயே காரா வானா என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வராத கெட்டித்தனம் எனக்கு அதில் வந்தது.

உன் மனைவிக்கு மூச்சிழுப்பு. ஈரச் சுவரெல்லாம் பூஞ்சணம்; அலுமாரிச் சேலைகூட மணக்கும். அதற்காகத்தான் பழைய ஏசி ஒன்று வாங்கி யன்னலில் பூட்டினாய். அது லொறி மாதிரி இரைந்தது.

"இனிக் கீழை வாறது ஒண்டும் கேக்காதெல்லோ" என்றேன்.

"கேட்டு? ஓடப் போறியோ, உந்த வண்டியோடை?" என்று என் வயிற்றில் தட்டினாய்.

சிரித்தோம். ஆனால் உன் தொலைபேசிக் கடைக்கு ஆர் ஆர் வருகினம், எந்த நாட்டுக்குக் கதைக்கினம் என்று யாரோ இரண்டு தரம் விசாரித்துப் போனது எனக்கும் தெரியும். பக்கத்து ஒழுங்கையில் ஒருவரைக் கூட்டிப்போய், அவர் திரும்பாமலிருந்த நேரம் அது.

அன்று உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தக் குளிரில் ஒரு கோழித்தூக்கமும் போட்டு எழும்பினேன். வெளிக்கதவைத் திறந்தேன். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. வெள்ளைக்குள் மூன்றோ நாலோ உருவம். சிங்களத்தில் ஒரு குரல் உன் பெயரைச் சொல்லிக் கேட்டது. நீ எனக்குப் பின்னால் வந்து நின்றாய். நான் சட்டை நுனியைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனேன்.

"துடையாதை, மச்சான்."

மெல்லத்தான் சொன்னாய். முகம் பார்க்காதவனை அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று அந்தக் கணத்திலும் உனக்கு யோசிக்க முடிந்திருக்கிறது. என்னுடைய மூன்று பிள்ளைகளும் உன் நினைவில் வந்திருப்பார்கள். உருவங்கள் என்னைக் கடந்து படியிறங்கின. அவற்றில் எது நீ என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏசி இரைச்சலில் உன் மனைவிக்கு எதுவும் கேட்கவில்லை. "அண்ணை, அவர் எங்கை?" என்று சிரித்த முகத்தோடுதான் வெளியே வந்தா.

அதன்பிறகு அவ ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "சிங்களத்திலைதானே கேட்டவங்கள், அண்ணை? அப்ப அரசாங்க ஆக்கள்தான். எங்கையாவது பதிஞ்சு வைச்சிருப்பாங்கள், என்ன?"

"ஓம் பிள்ளை" என்பேன். தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவ சோறு தின்கிறா.

அன்று படி திரும்புகிற இடத்தில், உன்னைக் கூட்டிப்போனவர்களில் இன்னொருவனின் குரல் உன்னோடு கதைத்தது. சின்ன வயதுக் குரல், நல்ல மரியாதை, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். "பயப்பிடாதேங்கோ அண்ணை, இப்ப கொண்டந்து விடுறம்" என்றது. அதை மட்டும் நான் அவவுக்குச் சொல்லவில்லை.