பாதிக் கூடை

வடக்குப்பட்டு

அன்புள்ள காவேரிக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் ஊருக்கு வரும் ரகுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு அப்பா கூடை பின்னித் தருவார் என்று நம் தென்றல் தன் டீச்சரிடம் சொல்லிவிட்டாள் அல்லவா? கம்பெனிக்கு வரும் பெட்டிகளில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அறுத்துக் குப்பையில்தான் போடுகிறோம். அதை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். பாதிக் கூடை வந்துவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்து, "இன்னாப்பா, கம்பெனி பொருள வூட்டுக்கு எடுத்துகினு போறியா?" என்று கூடையைத் தூக்கிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சூப்பர்வைசர் வந்து, "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. சரி, எடுத்துகினு போ" என்றார். அதற்குப் பிறகு அதைத் தொடவே கூசியது, காவேரி. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

ரகு திரும்பும்போது உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள.

அவன் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன். தென்றல் கேட்டால், அப்பாவுக்குப் பின்ன வரவில்லை என்று சொல்லிவிடு.

கோதண்டராமன்