கீழறைக்குப் போன ஃப்ரிட்ஜ்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பேசினால் எனக்குப் பாதி விட்டுப்போகும். சொல்ல நினைப்பவை:

1. நீ வாங்கித் தந்த ஃப்ரிட்ஜைத் தெருவுக்குப் பொதுவாக வைத்தது ஏன்.
2. உன் வீட்டோடு வந்து இருக்க ஏன் தயங்குகிறேன்.
3. இதில் நீ இழந்தது ஒன்றுமில்லை.

முதலாவது. மாடியில் இருந்தபோது அதற்குள் ஒரு பால் பாக்கெட்டும் எலுமிச்சம்பழமும்தான் கிடந்தன. தெருவில் காய்கறி விற்கும் அம்மாள் மாலையில் மிஞ்சியதைத் தரகரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவாள். இப்போது நம் கீழறையில் வைத்து மறுநாள் விற்கிறாள். எனக்கு வேண்டிய காய் வந்துவிடுகிறது. தையல்காரர் மகளின் ஊசி மருந்தும் அதில்தான். அவர் என் சட்டைகளுக்குக் நைந்த காலரைத் திருப்பித் தைத்துத் தருகிறார்.

இரண்டாவது. உன் வீட்டில் எல்லா வசதியும் உண்டு. என்னால் ஆக வேண்டிய காரியம்தான் இல்லை.

மூன்றாவதை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன். தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா

மார்ச் 12

அப்பா,

நம்பர் போட்டு எழுதிவிட்டால் நியாயமாகிவிடுமா? ரிட்டையர் ஆகியும் சர்வேயர் புத்தி போகவில்லை.

போன ஞாயிறு சொல்லாமல் வந்தேன், கீழறை வாசல் வரைக்கும். தையல்காரர், "என்ன சார், தக்காளிய இப்படி வரிசை பிடிக்கிறீங்க, எல்லைக்கல் நடப் போறீங்களா?" என்றார். "கத்திரிக்கா தகராறு பண்ணுதுய்யா, வேற வழி?" என்றீர்கள். "சார் வாய் இருக்கே" என்று காய்கறி அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள்.

நானும் அம்மாவும் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே, "கோடு தப்புது" என்று வரைபடத்தோடு கதவைச் சாத்திக்கொண்டவர் நீங்கள். கடைசி வரை அம்மாவுக்குக் கிடைக்காததை, என் ஃப்ரிட்ஜ் புண்ணியத்தில் ஊரார் பார்க்கிறார்கள்.

உள்ளே வரப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை வண்டி வரும். ஃப்ரிட்ஜை ஏற்றிவிடுங்கள்.

மகள்

மார்ச் 17

மகளுக்கு,

வண்டி வந்தது. காலியாகத் திருப்பி அனுப்பினேன். வண்டிக்காரர் தெருவே கேட்கத் திட்டினார். "முடியாதுங்க" என்று ஒருவரின் முகத்துக்கு நேரே நான் சொன்னது எனக்கே பழக்கமில்லாதது. ஃப்ரிட்ஜைக் காலி செய்யும்படி காய்கறி அம்மாளிடமும் தையல்காரரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்டாலும் தர மாட்டேன். உன் வீட்டுக்கும் வர மாட்டேன். ஆக, முதல் இரண்டும் எழுதியபடியே நிற்கின்றன.

நீ இழந்தது ஒன்றுமில்லை என்ற மூன்றாவது தவறு.

அப்பா