விருந்தாளி எங்கே தூங்குவார்?

ஜூலை 12, சனி

விடிந்ததிலிருந்து காற்று. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் கிளம்பிவிட்டது.

செய்ய வேண்டியவை: தகரத்துக்குக் கல் ஏற்றுவது. நூலகப் புத்தகம் இரண்டு, தவணை முடிந்தது. அறிமுகப் பத்தி.

மூன்றாவதுதான் இழுக்கிறது. ஊர் சுற்றுபவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக்கொள்ளும் இணையக் குழு. காசு வாங்குவதில்லை, இன்று நான் உன் வீட்டில், நாளை வேறொருவர் என் வீட்டில். பெயர் பதிந்தாயிற்று, 'உங்களைப் பற்றி' மட்டும் இன்னும் எழுத வேண்டும். மூன்று வாரமாக எழுதுகிறேன், அழிக்கிறேன்.

"தேயிலை மலைகளுக்கு நடுவே வளர்ந்தவள்." அழித்தேன். எல்ல ஊரில் ஏதோ சுற்றுலா ஹோட்டல் வாசலில் மாட்டும் பலகை மாதிரி.

"இயற்கையை நேசிப்பவள்." பொய்.

"எனக்கு நகரங்கள் பிடிக்கும்." உண்மை. அதற்குமேல் பேனா நகரவில்லை.

ஏன் பிடிக்கும்? பதுளை பஸ் நிலையம், மாலை ஐந்தரை. டீசல், பேக்கரி வாசம், பசறை, லுணுகலை என்று கூவும் குரல்கள். அந்தக் கால் மணி நேரம் நான் யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் லயம் ஒரே கூரையில் வரிசை வீடுகள்; நான் எத்தனை மணிக்குக் குளித்தேன் என்பது பத்துக் காம்பராவுக்கும் தெரியும். ஆட்கள் தனிமை தேடி மலைக்கு வருகிறார்கள். எனக்குக் கூட்டத்தில்தான் கிடைக்கிறது.

இதையெல்லாம் எழுத முடியுமா? தெரியவில்லை.

கொழும்புக்குப் போனது நான்கு தடவை. பரீட்சை, பாஸ்போர்ட், ஒரு கல்யாணம், மறுபடி பாஸ்போர்ட். எல்லாம் அன்றே திரும்பியவை. புத்தகத்தில் எத்தனையோ நகரங்களின் தெருக்கள் அத்துப்படி. ஒரு நகரத்திலும் காலையில் கண் விழித்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

கடையில் போட்டோகொப்பி மெஷின் மறுபடி சூடேறியது. மதியம் வரை சும்மா. கூட வேலை பார்க்கும் ரிஸ்னாவுக்கு மட்டும்தான் இந்தக் குழு விஷயம் தெரியும்.

குழுவில் தங்க இடம் கேட்டிருந்தேன், நில்மினி என்பவளின் பதில் வந்தது. கொழும்பில் பம்பலப்பிட்டி, ஐந்தாம் மாடி, தனியாக இருப்பவள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மூன்று நாள் தங்கலாம். ஆனால் விலாசம் உறுதியானவர்களை மட்டும்தான் வீட்டுக்குள் விடுவாளாம். இருபதாம் திகதிக்குள் சொல்ல வேண்டும். பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள்.

குழுவிலிருந்து வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை வரும். அதில் ஆறு இலக்கம். அதைக் கணினியில் அடித்தால் விலாசம் உறுதி. அனுப்பி நான்கு வாரம். இன்னும் காணோம்.

"நான் சொன்னேன் தானே, கடை எட்ரஸ் போடுன்னு" என்றாள் ரிஸ்னா. சொன்னாள்தான். நான் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லாக் கடிதமும் யாராவது ஒருவரின் 'மேற்பார்வை'யில், அவர் விலாசத்துக்கு. ஒரு தடவையாவது என் பெயர், என் டிவிஷன், என் லயத்து இலக்கம்.

பிடிவாதம் என்றாள். ஆமாம்.

ஜூலை 15, செவ்வாய்

அட்டை வந்துவிட்டது. என் கைக்கு அல்ல.

எப்படி மறந்தேன்? தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து காலைப் பெரட்டுக்கு. வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் சொல்வார். நல்ல மனுஷன். அவர் பழக்கம் அது. உறை இல்லாத கடிதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அம்மாவைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தாராம். "கொழும்பிலும் உலகெங்கும் வீடுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன." பிறகு அந்த ஆறு இலக்கமும், சத்தமாக.

பக்கத்து லயத்து ராஜம்மா அக்கா கேட்டாளாம்: "எந்த வீட்டுக்கு வேலைக்கு அனுப்புறீங்க அக்கா? இவ்வளவு படிக்க வச்சிட்டு அதுக்குத்தானா?"

மலையில் மத்தியானத்துக்குள் விஷயம் முடிவாகிவிட்டது. நான் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன். இங்கிருந்து பெண் பிள்ளைகள் கொழும்பில் அந்நியர் வீட்டில் தங்குவதென்றால் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் ராஜம்மா அக்காவே வாசலில் நிறுத்திச் சொன்னாள். அம்மா அட்டையைக் காட்டவில்லை. சோறு போட்டாள், ரொட்டிக்கு மா பிசைந்தாள்.

வெட்கம். கோபம். இரண்டிலும் எது எவ்வளவு என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

அந்த இலக்கம் பெரட்டில் நின்ற எல்லோரும் கேட்டது. கணக்கப்பிள்ளையிடம் போனால் ஞாபகத்தில் இருந்தே சொல்வார். போகமாட்டேன். அம்மா கையிலிருந்துதான் வாங்குவேன்.

சாயந்திரம் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். வேலை இல்லை, சம்பளம் இல்லை, விருந்தாளியாக.

"சும்மா யாரு தங்க வைப்பாங்க?"

"நாளைக்கு அவங்க நம்ம வீட்டுக்கு வருவாங்க. அப்படித்தான் முறை."

சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. பிறகு, விறகைத் தள்ளிக்கொண்டே, எனக்கு ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். பதின்மூன்று வயதில் கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு வருஷம். குசினி அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவில் பாய். முன் கதவால் வந்ததுமில்லை, போனதுமில்லை. அம்மா கொழும்பில் இருந்தவள் என்று தெரியும். சின்ன வயதில் கடல் எப்படி இருந்தது என்று நச்சரித்திருக்கிறேன். "இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான்.

நான் ஆசைப்பட்டு மனப்பாடம் செய்த நகரம். அவளுக்கு அது ஒரு பின்கதவு.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது இது: "எங்க படுக்க வைப்பாங்கன்னு கேளு. அத மட்டும் கேளு."

ஜூலை 17, வியாழன்

நில்மினிக்கு எழுதினேன். விருந்துக்குப் போகிறவள் கேட்கும் கேள்வியா இது? நான்கு தடவை அடித்து அழித்து, ஐந்தாவது தடவை ஒரே வரியில் அனுப்பினேன்.

பிறகுதான் கவனித்தேன். குழுவின் படிவத்திலும் அதே கேள்வி. பதினோராவது: 'உங்கள் வீட்டில் விருந்தாளி எங்கே தூங்குவார்?' நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். மேலே 'தங்கவைக்க இயலாது' என்பதில் சரி போட்டிருக்கிறேன். யோசிக்கக்கூட இல்லை. இரண்டு அறை, வாசல் இஸ்தோப்பில் விறகு, குழாயில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர். யார் வருவார் என்று.

முறை என்று அம்மாவிடம் பெரிதாகப் பேசியது நான்.

ரிஸ்னா: "போறதுக்கு மட்டும் ஆள், என்ன?" விளையாட்டாகத்தான். சுட்டது.

ஜூலை 19, சனி

பதில் வந்தது. படத்தோடு. முன் அறை, ஜன்னலோரம் நீளமான சோபா, அதை விரித்தால் கட்டில். கீழே ஒரு வரி: முன் கதவுக்கு இரண்டு சாவி இருக்கிறது, ஒன்று உனக்கு.

அம்மாவுக்குப் போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள்.

"இது முன்னறையா?"

"ஆமா."

"சாவிய உன் கையிலயே குடுக்குறாளா?"

"ஆமாம்மா."

போனைத் திருப்பித் தராமல் மறுபடி படத்தைப் பெரிதாக்கினாள். வெளியே தகரம் அடித்துக்கொண்டது.

"அந்தப் புள்ள இங்க வந்தா எங்க படுக்கும்?"

அதே பதினோராவது கேள்வி.

ஜூலை 20, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. வேலை இல்லாத நாள்.

அம்மா அரிசித் தகரத்துக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள். ஒரு பக்கம் ஏதோ ஓர் ஊரின் பெரிய தெரு, அடுக்கு மாடிகள். தரச் சொல்லிக் கை நீட்டினேன். தரவில்லை. "நான் சொல்றேன், நீ அடி." எழுத்து வராது, இலக்கம் வரும். வருஷக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை நம்பாமல் தானே எட்டிப் பார்த்தவள். ஒவ்வொன்றாக நிறுத்தி, நான் அடிக்கும்வரை காத்திருந்து, ஆறும் சொன்னாள்.

உறுதி செய்யப்பட்டது. நில்மினிக்கு வருகிறேன் என்று அனுப்பினேன்.

அடுத்தது படிவம். 'தங்கவைக்க இயலாது' என்பதை எடுத்தேன். எங்கே தூங்குவார்?

"கட்டில அதுக்குக் குடு. நான் அடுப்படியில படுத்துக்குறேன்" என்றாள், எழுந்துகொண்டே, சாதாரணமாக.

"அடுப்படியில யாரும் படுக்க வேணாம்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு பாயையும் எடுத்து வந்து முன்னறையில் விரித்தாள், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில். ஒரு பாய் சரியாக. மற்றது நாலு விரல் இடித்தது. அலுமாரியை இருவருமாகத் தள்ளினோம். இரண்டுக்கும் இடம் வந்தது.

எழுதினேன்: முன் அறை. கட்டில் உங்களுக்கு. அம்மாவும் நானும் அதே அறையில், பாயில். இது தோட்டத்து லயம். காலை ஐந்தரைக்கு எல்லோரும் எழும்பிவிடுவோம். நீங்கள் வந்தது ஊருக்கே தெரிந்துவிடும்.

'உங்களைப் பற்றி': எனக்கு நகரங்கள் பிடிக்கும். இன்னும் ஒன்றிலும் கண் விழித்ததில்லை.

போதும். அனுப்பியாயிற்று, 11.20.

அம்மா வாசலில் ராஜம்மா அக்காவிடம்: "விருந்துக்குப் போறா. முன்னறையில படுக்க வைக்கிறாங்க."

தகரத்துக்கு இன்னும் கல் ஏற்றவில்லை.